அப்ரண்டீஸ்களுக்குச் சொல்லித் தருவது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழில் பழகுநர் சட்டத்தின் கெடுபிடிகளை இன்னும் தளர்த்தினால்தான் கம்பெனிகள் அப்ரண்டீஸ்களை அதிகம் சேர்த்துக்கொள்ளும் என்று வாதிடும் கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டூல் ரூம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஐ.டி.ஐ. முடித்து வந்த பையன்கள் பல பேட்ச் என்னிடம் பழகிப் போயிருக்கிறார்கள். தளர்த்தினால் சேர்க்கை கூடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சேர்ந்த பிறகு அவனுக்கு யார் தொழில் சொல்லித் தருவார்கள் என்பதைத்தான் கட்டுரை தொடவே இல்லை.

பழைய கெடுபிடி பொய்யில்லை. சேர்க்க வேண்டிய எண்ணிக்கை குறைந்தால் முதலாளிக்குச் சிறைத்தண்டனைகூட விதிக்கலாம் என்று 1961-ம் வருடச் சட்டத்தில் இருந்தது. அப்படி ஒருவர் உள்ளே போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்தப் பிரிவைக் காட்டி மிரட்டியே காரியம் சாதித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். 2014-ல் திருத்தம் கொண்டுவந்து சிறைத்தண்டனையை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம், அதற்காக நான் அழப்போவதில்லை.

அதே கையோடு போன மற்றவற்றைத்தான் சொல்ல வருகிறேன். தொழிற்பிரிவு அப்ரண்டீஸை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பயிற்சியில் நிறுத்த வேண்டுமானால் பழகுநர் ஆலோசகரின், அதாவது இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அரசு அதிகாரியின், முன் அனுமதி வேண்டும் என்று 1992-ம் வருட விதிகளில் இருந்தது. நைட் ஷிப்டில் மேற்பார்வை குறைவு, சொல்லித்தர ஆள் இருக்காது, தூக்கக் கலக்கத்தில் பிரஸ் மெஷினில் கையை விட்டுவிடுவான் என்பதெல்லாம் தெரிந்தவர் யாரோ எழுதிய விதி அது. 2014 திருத்தமோ, வேலை நேரத்தை முதலாளியே தீர்மானித்துக்கொள்ளலாம் என்றது. ஓவர்டைமுக்கு ஆலோசகரின் அனுமதி வேண்டும் என்பது மட்டும் இன்னும் ஏட்டில் இருக்கிறது.

அதைவிடப் பெரிய மாற்றம், ஆளை எண்ணும் முறையில் வந்தது. முன்பு ஒவ்வொரு தொழிற்பிரிவுக்கும் ஒரு விகிதம் உண்டு. அந்தப் பிரிவில் தொழில் தெரிந்த இத்தனை தொழிலாளிகள் இருந்தால் இத்தனை அப்ரண்டீஸ் என்று கணக்கு. ஃபிட்டர் அப்ரண்டீஸ் வேண்டுமானால் ஷாப்பில் ஃபிட்டர்கள் இருந்தாக வேண்டும். திருத்தத்துக்குப் பின் வந்த விதிகளில் அது போய், கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 10 சதவீதம் என்றானது. 2019-ல் மேல்வரம்பை 15 சதவீதமாக உயர்த்தினார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெர்மனன்ட் ஆட்கள் 200, கான்ட்ராக்ட் 800 என்று ஒரு தொழிற்சாலை. மொத்தம் 1,000 என்பதால் 150 அப்ரண்டீஸ் வரை வைத்துக்கொள்ளலாம். அந்த 200 பேரில் உண்மையாகவே கைதேர்ந்த ஃபிட்டர், மெஷினிஸ்ட், எலெக்ட்ரீஷியன் எல்லாம் சேர்த்து 30 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஐந்து பையன்கள். அந்த முப்பது பேருக்கும் ஷிப்ட் டார்கெட் உண்டு. டார்கெட்டை விட்டுவிட்டு எவன் நின்று மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பான்? கான்ட்ராக்ட் ஆட்கள் கூடக்கூட, அதாவது தொழில் தெரிந்தவர்களின் பங்கு குறையக் குறைய, அப்ரண்டீஸ் எண்ணிக்கைக்கான இடம் பெருகிக்கொண்டே போகிற விசித்திரமான சூத்திரம் இது.

தொழில் சொல்லித்தருவது என்றால் என்ன என்று வாசகர்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் காலத்தில் முதலில் கையில் கிடைப்பது ஒரு அரமும் ஒரு இரும்புத் துண்டும்தான். வைஸில் பிடித்து ராவ வேண்டும். மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் கோடாய் வெளிச்சம் தெரியும். அது தெரியாமல் போகும் வரைக்கும் ராவ வேண்டும். பிறகு இரண்டு துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி ராவித் தேய்க்க வேண்டும். கை கொப்பளித்துப்போகும். இன்றைக்கு கம்ப்யூட்டரால் ஓடும் சி.என்.சி. மெஷின் எல்லாவற்றையும் செய்துவிடுகிறதே, இதெல்லாம் எதற்கு என்பார்கள். டூல் எப்போது மழுங்குகிறது, ஜாப் ஏன் நூலளவு தப்பிப் போகிறது என்பதைக் கையால் அறிந்தவன்தான் அந்த மெஷினுக்கும் புரோகிராம் திருத்த முடியும். முன்பெல்லாம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் இந்த அடிப்படைப் பயிற்சிக்கென்று தனி இடம் ஒதுக்கியாக வேண்டும் என்று சட்டமே சொல்லியிருந்தது. ரயில்வேயின் பெரம்பூர், பொன்மலை பணிமனைகளில் படித்துவந்தவர்களின் கைவேலையைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இன்றைய நிலைக்கு என் தங்கை பேரனைச் சொல்கிறேன். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஒரு வருடம் அப்ரண்டீஸாக இருந்தான். பயிற்சிப் பிரிவு ஃபிட்டர். செய்த வேலை, லைனில் வரும் ஃபிரேமில் குறிப்பிட்ட நான்கு போல்ட்டை ஏர் கன்னால் இறுக்குவது. அதில் பத்து மாதம் அதே ஸ்டேஷன். தியரி வகுப்பு நடந்ததாகப் பதிவேட்டில் அவனுடைய கையெழுத்து இருக்கிறது. மாதக் கடைசியில் மொத்தமாகப் போட்டதாம். பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலையில் அப்ரண்டீஸை ஈடுபடுத்துவது சட்டப்படி குற்றம். அபராதம் எவ்வளவு தெரியுமா? 2014 திருத்தப்படி ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய். ஆள் எடுக்காமல் விட்டால், காலி இடம் ஒன்றுக்கு முதல் மூன்று மாதம் வரை மாதம் 500, அதன் பிறகு 1,000. பையனுக்குத் தரவேண்டிய குறைந்தபட்ச ஸ்டைபண்டோ 2019 விதிப்படி படிப்புக்குத் தக்க மாதம் 5,000 முதல் 9,000 வரை. சட்டத்தை மதிப்பதைவிட மீறுவது மலிவு.

இருந்தும் பெரிய கம்பெனிகள் அப்ரண்டீஸைத் தேடித்தேடி எடுக்கின்றன. காரணம் எளிது. சட்டத்தின் 18-ம் பிரிவுப்படி அவன் பயிற்சியாளன், தொழிலாளி அல்ல. பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, வருடம் முடிந்தால் வேலை தரவேண்டிய கட்டாயமும் இல்லை. விபத்து என்றால் இழப்பீடு முதலாளியின் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் விரல் போன பையன் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வாசலில் அட்டையைக் காட்ட முடியாமல் முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பதிவு இருக்கிறதே என்று கேட்கலாம். ஒவ்வொரு ஒப்பந்தமும் பழகுநர் ஆலோசகரிடம் பதிவாக வேண்டும், இப்போது அரசின் இணையப் போர்ட்டலில். பதிவு செய்யாவிட்டால் என்ன ஆகும்? உத்தரப் பிரதேச மின்வாரிய வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் பதிவாகவில்லை என்பதாலேயே ஒருவர் தொழிலாளி ஆகிவிட மாட்டார் என்று தீர்ப்பளித்தது. பதிவு செய்யாத முதலாளிக்கு 18-ம் பிரிவின் சலுகை கிடையாது என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்க இருபது வருடமாக ஒருவருக்கும் நேரமில்லை.

கட்டுரையாளர் ஜெர்மனியை உதாரணம் காட்டியிருந்தார். நானும் அங்கேயே வருகிறேன். அந்த நாட்டில் அப்ரண்டீஸை எடுக்க வேண்டுமானால், கற்றுக்கொடுக்கத் தகுதி பெற்றவர் என்று தேர்வெழுதி நிரூபித்த ஒருவர் நிறுவனத்தில் இருக்க வேண்டும். இது கம்பெனிகளுக்குச் சுமை, எடுத்துவிட்டால் பயிற்சி இடங்கள் பெருகும் என்று நம் கட்டுரையாளரைப் போலவே அங்கும் வாதிட்டார்கள். 2003-ல் அந்த விதியை நிறுத்தியும் வைத்தார்கள். தகுதி பெற்ற பயிற்றுநர் இல்லாத இடங்களில் பாதியில் விட்டுப்போகிறவர்கள் அதிகம் என்று தெரியவந்து, 2009-ல் விதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

சின்னப் பட்டறைகளின் மேல் புதிய பாரம் ஏற்றச் சொல்லவில்லை. நான்கு பேர் முதல் 29 பேர் வரை உள்ள இடங்களுக்கு இன்றும் அப்ரண்டீஸ் சேர்ப்பது கட்டாயமில்லை. அப்படியே இருக்கட்டும். கோவையில் ஒரு லேத் பட்டறையில், முதலாளி பக்கத்தில் நின்று திட்டத்திட்டக் கற்றுக்கொள்ளும் பையன், பெரிய தொழிற்சாலை லைனில் நிற்பவனைவிட அதிகம் தெரிந்துகொள்கிறான் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

அரசு இந்த ஸ்டைபண்டில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை, தன் பங்காகத் தருகிறது. ஸ்டைபண்டை 6,800 முதல் 12,300 வரை உயர்த்தலாம் என்று 2025 மே மாதம் மத்திய பழகுநர் கவுன்சில் பரிந்துரைத்தது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரூம் வாடகையும் மெஸ் கணக்கும் தெரிந்தவர்கள் யாரும் இதை ஆட்சேபிக்க மாட்டார்கள். ஆனால் வரிப்பணம் போகிற இடத்தில் என்ன கற்றுத்தரப்பட்டது என்று கேட்கும் உரிமை நமக்கு வந்துவிடுகிறது.

நான் கேட்பது அதிகமில்லை. சேர்க்கை வரம்பைக் கணக்கிடும்போது கான்ட்ராக்ட் ஆட்களை விட்டுவிட்டு, அந்தப் பிரிவில் தொழில் தெரிந்தவர்களை மட்டும் எண்ண வேண்டும். ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் சொல்லித்தரப்போகிறவரின் பெயரும் தகுதியும் இருக்க வேண்டும். எந்தக் கம்பெனியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடிவுத் தேர்வில் தேறினார்கள், எத்தனை பேருக்கு அங்கேயே வேலை கிடைத்தது என்ற மூன்று எண்களையும் போர்ட்டலில் எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டும். இதில் மூன்றாவது கோரிக்கைக்குச் சட்டத்திருத்தம்கூடத் தேவையில்லை, கிண்டியில் இருக்கும் மண்டல இயக்குநரகமே தமிழ்நாட்டுக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். ஐ.டி.ஐ. முடித்த பையனும் அவனுடைய பெற்றோரும் கையெழுத்துப் போடும் முன்பு அந்த எண்களைப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டூல் ரூம் ஃபோர்மேன்,
அம்பத்தூர், சென்னை.