மைலேஜை எப்படி அளந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இருசக்கர வாகனங்களின் மைலேஜ் வெகுவாகக் குறைந்துவிட்டது என்று சிலரும், அப்படி ஒன்றுமில்லை என்று வேறு சிலரும் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் எழுதி வருவதைத் தொடர்ந்து படிக்கிறேன். இரு தரப்பினரும் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஓர் எண்ணைத் தருகிறார்கள். அது எப்படிக் கிடைத்தது என்பதை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. வள்ளியூரிலிருந்து நாகர்கோவிலுக்கு நாள்தோறும் பைக்கில் வேலைக்குப் போய் வருபவன் நான். அளக்கும் முறை சரியாக இல்லாவிட்டால் நிறுவனத்தின் விளம்பரத்தையும் கேள்வி கேட்க முடியாது, நம்முடைய குறையையும் நிரூபிக்க முடியாது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

2018-ஆம் ஆண்டு 110 சிசி பைக் ஒன்றை வாங்கினேன். விளம்பரத்தில் எண்பதை நெருங்கும் எண் இருந்தது. எனக்கு ஐம்பதைச் சற்றே தாண்டிக் கிடைத்தது. சர்வீஸ் சென்டரில் முறையிட்டபோது அங்கிருந்த மெக்கானிக் பெட்ரோல் டேங்கின் இணைப்பைக் கழற்றிவிட்டு, 100 மில்லி அளவுள்ள பாட்டில் ஒன்றை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு டியூபை, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குக் கொடுத்தார். புறவழிச்சாலையில் டாப் கியரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டினார். நான் பின்னால் வேறொரு வண்டியில் சென்றேன். 6.8 கிலோமீட்டரில் எஞ்சின் அணைந்தது. “லிட்டருக்கு 68 கிடைக்கிறது, ஓட்டும் விதத்தில்தான் கோளாறு” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சோதனையில் இருந்த பிழை எனக்குப் பல நாள் கழித்துத்தான் விளங்கியது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும். பாட்டிலை மாட்டும்போது அந்தக் கிண்ணம் நிறைந்திருந்தது; எஞ்சின் அணைந்தபோது பாட்டிலோடு கிண்ணமும் வற்றியிருந்தது. கிண்ணத்தில் வெறும் 20 மில்லி இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், வண்டி 6.8 கிலோமீட்டர் ஓடியது 100 மில்லியில் அல்ல, 120 மில்லியில். அப்படிப் பார்த்தால் லிட்டருக்கு 57-க்கும் குறைவு. 1,000 மில்லியில் செய்திருந்தால் இந்த 20 மில்லி பொருட்டே அல்ல. 100 மில்லியில் செய்து பத்தால் பெருக்கும்போது பிழையும் பத்து மடங்காகிறது. அந்த மெக்கானிக் என்னை ஏமாற்ற நினைத்தார் என்று நான் கருதவில்லை. அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட முறை அது. ஆனால் அந்த முறையை வைத்து வாடிக்கையாளரின் புகாரைத் தள்ளுபடி செய்வது நியாயமாகாது.

அதன் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். டேங்க் நிறையப் போட்டுக்கொண்டு, டிரிப் மீட்டரைச் சுழியத்தில் வைத்து, 400 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் அதே பங்க்கில் நிறையப் போட்டு, இரண்டாவது முறை ஏறிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுப்பதுதான் முறை. எளிதாகத் தோன்றும் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒருமுறை சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்ற வண்டிக்கு நாசில் தானாக நின்றதும், நான் வண்டியை நிமிர்த்திச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி மீண்டும் பிடிக்கச் சொன்னேன். மேற்கொண்டு 300 மில்லிக்கு மேல் இறங்கியது. போதாக்குறைக்கு, தொகையை முழு ரூபாயாக்குவதற்காக ஊழியர்கள் நாசில் நின்ற பிறகும் இரண்டு மூன்று முறை அழுத்துகிறார்கள். உண்மையில் 54 கொடுக்கும் வண்டியில் இரண்டு லிட்டருக்குக் கணக்குப் பார்ப்பவர், இந்த 300 மில்லி வேறுபாட்டால் ஒருநாள் 63 என்று மகிழ்வார், மறுநாள் 47 என்று வருந்துவார். ஏழரை லிட்டருக்குப் பார்ப்பவருக்கு அதே பிழை 52-க்கும் 56-க்கும் இடையே அடங்கிவிடும். நூறு ரூபாய்க்குப் போட்டு, மீட்டரைப் பார்த்து, “முப்பத்தெட்டுதான் ஓடியது” என்று சொல்லும் என் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். நூறு ரூபாய்ப் பெட்ரோலில் மைலேஜைக் காண முடியாது.

நான்கு மாதங்களில் 12 முறை நிரப்பியதில் மொத்தம் 90 லிட்டர், ஓடிய தூரம் 4,860 கிலோமீட்டர். லிட்டருக்கு 54. ஒவ்வொரு முறையும் வந்த மைலேஜைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுக்காமல், மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு லிட்டரில் 60-உம் எட்டு லிட்டரில் 45-உம் கிடைத்தவருக்குச் சராசரி 52.5 அல்ல, 48. மீட்டரையும் அப்படியே நம்பக்கூடாது. தேசிய நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களைப் பார்த்துக்கொண்டே 20 கிலோமீட்டர் ஓட்டியபோது என் மீட்டர் 20.3 காட்டியது. ஆகவே என் 54 உண்மையில் 53-தான்.

பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். காவல்கிணற்றைத் தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ஆடி மாதத்தில் பைக்கில் போனவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் நாகர்கோவில் நோக்கிப் போகும்போது நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவது போல இருக்கும். போகும்போது எதிர்த்த காற்று திரும்பும்போது தள்ளிவிடும், கணக்கு நேராகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி நேராவதில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் மீது 30 கிலோமீட்டர் வேகக் காற்று எதிரே வீசினால் அவர் 80-ஐ எதிர்கொள்கிறார்; பின்னால் வீசினால் 20-ஐ. 80-இன் வர்க்கமும் 20-இன் வர்க்கமும் சேர்ந்த சராசரி 3,400. காற்றில்லாத நாளில் 50-இன் வர்க்கம் 2,500. போக வர இரண்டையும் சேர்த்தாலும் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. என் நோட்டில் ஆடி மாதம் 49 என்றுதான் இருக்கிறது. அதனால் ஆடியை ஆடியோடும் தையைத் தையோடும்தான் ஒப்பிடுகிறேன்.

விளம்பர எண் ஆய்வுக்கூடத்தில் பிறக்கிறது. வண்டி உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே ஓடும். 75 கிலோ எடையுள்ள ஒருவர் மட்டும் இருப்பதாகக் கணக்கு. வெளியேறும் புகையில் உள்ள கார்பனை அளந்து செலவான பெட்ரோலைக் கணக்கிடுவார்கள். நெடுங்காலம் பயன்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சியில் (எந்த நொடியில் எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்று வகுத்த சோதனை அட்டவணையில்) தூரம் நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, சராசரி வேகம் மணிக்கு 22 கிலோமீட்டரை ஒட்டியது, உச்ச வேகம் 42. முப்பந்தல் காற்றும், பின்னிருக்கையில் மனைவியும், முன்னால் பையும் அதில் இல்லை. ஒரே அளவுகோலில் இரண்டு வண்டிகளை ஒப்பிட இந்தச் சோதனை பயன்படும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115-ஆம் விதிப்படி சான்றளிக்கப்பட்டது என்ற வரியைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அச்சிடுவது வாங்குபவரை மதிக்கும் செயல் அல்ல.

எத்தனாலுக்கு வருகிறேன். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே கலப்பு கூடும்போது மைலேஜ் ஓரளவு குறைந்தே தீரும். 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட நிபுணர் குழு அறிக்கையே, பத்து விழுக்காடு எத்தனாலுக்குச் சீரமைக்கப்பட்ட பழைய வகை இருசக்கர வாகனங்களில், இருபது விழுக்காடு கலந்த பெட்ரோலைப் போடும்போது மைலேஜ் 3 முதல் 4 விழுக்காடு வரை குறையலாம் என்று சொல்கிறது. 2019-இன் தை முதல் சித்திரை வரை 54 கொடுத்த என் வண்டி, அண்மையில் அதே மாதங்களில், அதே சாலையில், 51.6 கொடுத்தது. நான்கரை விழுக்காடு சரிவு. வண்டிக்கு வயதாகியிருப்பதால் அது முழுவதையும் எத்தனாலின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் ஒன்றுமே குறையவில்லை என்போரின் பேச்சையும், இருபது விழுக்காடு போய்விட்டது என்போரின் பேச்சையும் இந்த நோட்டு ஏற்கவில்லை. நான்கு விழுக்காட்டு மாற்றத்தை, பதினைந்து விழுக்காடு பிழை வரக்கூடிய முறையால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

மைலேஜுக்காகவே வண்டியை மாற்ற நினைப்போரும் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் 40 கொடுக்கும் வண்டியிலிருந்து 50-க்கு மாறினால் ஐந்து லிட்டர் மிச்சம். 60-லிருந்து 70-க்கு மாறினால் இரண்டரை லிட்டர்கூட மிச்சமில்லை. இரண்டிலும் கூடுவது பத்துதான் என்றாலும் பணப்பையில் அது பாதிக்குப் பாதி.

வாகன நிறுவனங்கள் விளம்பரத்தில் மைலேஜ் எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், எந்தச் சோதனை, எந்த உச்ச வேகம், எத்தனை கிலோ எடை என்பதைத் தமிழில் அச்சிடப் போக்குவரத்துத் துறை வற்புறுத்த வேண்டும். சர்வீஸ் சென்டர்கள் மைலேஜ் புகாருக்கு 100 மில்லி பாட்டிலைக் காட்டாமல், டேங்க் நிரப்பிக் குறைந்தது 200 கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்து எழுத்தில் தர வேண்டும். பங்க் உரிமையாளர்கள், கேட்பவருக்கு நாசில் தானாக நின்ற இடத்தோடு நிறுத்தித் தருமாறு ஊழியர்களிடம் சொல்ல வேண்டும். ஆசிரியர் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: இனி மைலேஜ் குறித்து வரும் கடிதங்களில் எத்தனை லிட்டரில், எத்தனை கிலோமீட்டரில் அளந்தது என்ற விவரம் இருந்தால் மட்டும் அந்த எண்ணை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வள்ளியூர், திருநெல்வேலி மாவட்டம்.