50 மீட்டர் தள்ளி

மெல்பர்ன்,
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "கடலுக்குப் போகக் கூடாதுன்னுதானே உன்னைப் படிக்க வச்சேன். இப்ப கைக்காசு போட்டுக் கடலுக்குப் போறியா?" என்றீர்கள். பின்னால் அம்மா சிரித்தது கேட்டது. நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

கடல் என்றேனே தவிர, நான் போவது போர்ட் பிலிப் என்ற விரிகுடா. அதன் வடக்குக் கரையில்தான் இந்த நகரம் உட்கார்ந்திருக்கிறது. பரப்பு 1,900 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆனால் வெளிக்கடலுக்குத் திறக்கும் அந்த ஒரே ஒரு குறுகிய வாயை விட்டுவிட்டால், எங்கே போனாலும் 24 மீட்டருக்கு மேல் ஆழம் கிடையாது. வாய்ப்பக்கம் நீரோட்டம், நம் நீவாடு, மூர்க்கமாக இழுக்கும், நாங்கள் அங்கே போவதே இல்லை. இங்கே அக்டோபர், நவம்பரில்தான் வசந்தம். அப்போது ஸ்னாப்பர் என்ற மீன் முட்டையிட உள்ளே வரும். முதுகு இளஞ்சிவப்பு, அதில் நீலப் பொட்டுகள், நல்ல கனம். அது வந்துவிட்டது என்று தெரிந்தால் ஊரில் பாதிப் பேர் அலாரம் வைத்துத் தூங்குகிறார்கள்.

படகு, கூட வேலை பார்க்கும் நண்பருடையது. நாலரை மீட்டர் அலுமினியப் படகு. 4.8 மீட்டர் வரை நீளமுள்ள படகு ஓடும்போது, உள்ளே இருக்கிற எல்லோரும் உயிர்காப்புச் சட்டை போட்டே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். இந்த வரியை மட்டும் அம்மாவிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டுங்கள்.

மீனைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால், இந்த ஒரு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது மீனைப் பற்றி இல்லை, பக்கத்துப் படகுக்காரனைப் பற்றி.

கரையிலேயே தொடங்கிவிடுகிறது அது. படகை ட்ரெய்லரில் ஏற்றிக் காருக்குப் பின்னால் இழுத்து வந்து, தண்ணீருக்குள் இறங்கும் ஒரு சிமெண்டுச் சரிவில் பின்னோக்கி இறக்க வேண்டும். ராம்ப் என்கிறார்கள். நான் முதல் தடவை போனபோது விடியவில்லை, மணி நாலரை. காரை நேராகச் சரிவுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அங்கே வைத்துத்தான் கட்டு அவிழ்த்தேன், தூண்டில்களை ஏற்றினேன், ஐஸ் பெட்டியைத் தூக்கினேன். பின்னால் ஆறேழு வண்டிகள் நின்றன. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலாம் என்று இருந்தது. கடைசியில் அடுத்த வண்டியிலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்து, எங்கள் படகின் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டு, "நான் பிடித்துக்கொள்கிறேன், நீ போய் வண்டியை நிறுத்திவிட்டு வா" என்றார். வேறு ஒரு சொல் இல்லை. திரும்பி வரும் வழியில் கவனித்தேன். மற்றவர்கள் எல்லோரும் மேலே ஓர் ஓரமாக நின்று எல்லா வேலையையும் முடித்துக்கொண்டுதான் சரிவில் இறங்கினார்கள். இறங்கி, படகை விட்டு, ஏறிப் போக மூன்று நிமிஷம் ஆனது. பின்னோக்கி வரும்போது முகப்பு விளக்கை அணைத்துவிடுகிறார்கள், அடுத்த சரிவில் இறக்குகிறவன் கண் கூசக் கூடாது என்று. இதெல்லாம் எந்தப் பலகையிலும் பெரிதாக எழுதியிருக்கவில்லை.

இன்னொரு நாள் ஒருவர் எங்கள் படகின் பின்பக்கத்தைக் காட்டிக் கை ஆட்டினார். அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை உண்டு, அதற்கு ஒரு மூடி. மூடி நண்பரின் சட்டைப் பையில் இருந்தது! அந்த மனிதர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருந்தால் பத்து நிமிஷத்தில் நாங்கள் கரைக்கு நீந்தி வந்திருப்போம்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். இது உங்களுக்குப் புரியும், மற்றவர்களுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டும். இங்கே நங்கூரம் போட்டு நின்றுகொண்டு, மீன் துண்டும் எண்ணெயும் தவிடும் கலந்த ஒரு கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கசியவிடுவார்கள். பர்லி என்று பெயர். அது நீவாட்டோடு படகின் பின்முனையான அமரத்துக்குப் பின்னால் நீளமாக ஓடும். அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு மீன் நீவாட்டை எதிர்த்துப் படகை நோக்கி வரும். அரை மணி, ஒரு மணி நேரம் பொறுமையாக விட்டால்தான் வரும். என் இரண்டாவது பயணத்தில், ஒரு படகில் தூண்டில் வளைவதைப் பார்த்துவிட்டு, அதற்குப் பின்னால் முப்பது மீட்டரில் நண்பரை நங்கூரம் போடச் சொன்னேன். எவ்வளவு பெரிய காலி இடம் சுற்றிலும்! எனக்கு அந்த முப்பது மீட்டர்தான் கண்ணில் பட்டது.

அந்தப் படகில் ஒரு பெரியவர், தனி ஆள். எழுபதுக்கு மேல் இருக்கும். எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கத்தாமல், அந்த அமைதியான தண்ணீரில் சாதாரணக் குரலிலேயே கேட்டார்: "நங்கூரக் கயிறு எவ்வளவு விட்டிருக்கிறீர்கள்?" நாற்பத்தைந்து என்றேன். "ஆழம்?" பதினைந்து. "நானும் அவ்வளவுதான்" என்றார். அதோடு தன் தூண்டிலைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

கணக்குப் போட எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. பதினைந்து மீட்டர் ஆழத்தில் நாற்பத்தைந்து மீட்டர் கயிறு என்றால், காற்று மாறும்போது படகு எண்பது மீட்டருக்கு மேல் குறுக்களவுள்ள வட்டத்தில் சுற்றலாம். இரண்டு படகும் ஒரே மாதிரி சுற்றாது. ஒன்று கனம், ஒன்று இலேசு. ஒன்றைக் காற்று தள்ளும், ஒன்றை நீவாடு இழுக்கும். முப்பது மீட்டரில் நின்றால் இடித்துக்கொள்வோம், அல்லது கயிறு சிக்கும். அதைவிட, அவர் ஒரு மணி நேரமாக வரவழைத்த மீன் அவரிடம் போகும் வழியில் நான் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் அந்த இரண்டாவது விஷயத்தை வாயெடுத்துச் சொல்லவே இல்லை என்பதுதான் என்னைக் குத்தியது. நங்கூரத்தை எடுத்தோம். எஞ்சினை மெல்லமாக ஓடவிட்டு, சுற்றிக்கொண்டு போய், நீவாட்டுக்குக் குறுக்கே வெகு தூரம் விலகிப் போட்டோம். போகும்போது கை தூக்கினார்.

சட்டம் என்று பார்த்தால், இன்னொரு படகுக்கோ, நீந்துகிறவருக்கோ 50 மீட்டருக்குள் வந்தால் வேகம் 5 'நாட்' என்ற கடல் வேக அளவைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் மணிக்கு 9 கிலோமீட்டர், சைக்கிள் வேகம்கூட இல்லை. நீலமும் வெள்ளையுமாக ஒரு கொடி ஏற்றியிருந்தால் அடியில் ஆள் முக்குளிக்கிறார் என்று பொருள், அங்கே 100 மீட்டர். ஆனால் 51-வது மீட்டரில் முழு வேகத்தில் போனால் சட்டம் ஒன்றும் செய்யாது, அலை மட்டும் வந்து நிற்கும் படகை உலுக்கும். நல்ல படகோட்டி இருநூறு மீட்டருக்கு முன்பே விலகிவிடுகிறான். விலக இடம் இல்லையென்றால் வேகத்தைக் கொன்றுவிடுகிறான். ஒரு படகோட்டியை எடை போட இப்போது எனக்கு இது ஒன்று போதும்.

உங்களுக்குப் பிடிக்கும் ஒரு விஷயம். வலை போட்டு வேலை செய்யும் படகுக்கு மற்ற எஞ்சின் படகுகள் வழிவிட வேண்டும் என்று 1972-இல் உலகம் முழுவதற்கும் செய்த விதிகளில் இருக்கிறது. நான் பொழுதுபோக்காகத் தூண்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனால் எனக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்த விதிகளின்படி நான் மீன் பிடிக்கிறவனே இல்லை, சும்மா போகிற படகு! அதே விதிகளின்படி, குறுகிய கப்பல் பாதையில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டு கப்பலை மறிக்கவும் முடியாது. கப்பல் ஐந்து தடவை குறுக்கி ஊதினால், நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். ஒரு நாள் பக்கத்தில் இருந்த படகுக்கு அப்படி ஊதினார்கள். எங்கள் வயிறு கலங்கியது.

எல்லோரும் தங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டை அலறவிட்டுக்கொண்டு நடுவில் புகுந்து போகிறவர்களும் உண்டு. நவம்பர் தொடக்கத்தில் இங்கே குதிரைப் பந்தயத்துக்காக ஒரு செவ்வாய்க்கிழமை விடுமுறை வரும். அன்று பாதி ஊர் பந்தயத்தில், மீதி ஊர் படகில். அன்றைக்கு ராம்ப்பில் நின்றால் மனித குணம் மொத்தத்தையும் பார்க்கலாம், அது வேறு கதை. இன்னொரு நாள் கரையில் மீன் கழுவும் மேடையில் தமிழ் கேட்டது. ஆசையாகப் போனேன். இரண்டு பேர், வாளியில் சின்னச் சின்ன ஸ்னாப்பர். 28 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் திருப்பி விட்டுவிட வேண்டும். ஒருவருக்குப் பத்து மீன், அதில் 40 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவை மூன்றுதான். "யாருண்ணே பாக்கப் போறாங்க" என்றார் ஒருவர். குடலையும் செதிலையும் மேடையில் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர் என் முகத்தையும் மேடையையும் பார்த்தார். நான் குழாயைத் திறந்து கழுவினேன். அவர்களிடம் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று இன்னும் என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"எங்கே பிடித்தாய்?" என்று இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. "எத்தனை மீட்டரில்?" என்று கேட்கலாம், என்ன இரை என்றும் கேட்கலாம். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். தாத்தா காட்டிய கணியத்தை, மீன் கிடக்கும் இடத்தின் அடையாளத்தை, நீங்கள் சித்தப்பாவிடம்கூடச் சொன்னதில்லை என்று அம்மா சொல்வார். அந்தக் குணத்தில் மட்டும் இரண்டு கடலும் ஒன்று.

ஆனால் ஒன்று எழுதியே ஆக வேண்டும். இந்த விரிகுடாவுக்குள் தொழிலுக்காக வலை போடுவதை 2022-ஓடு நிறுத்திவிட்டார்கள். வலைக்காரர்களுக்கு நஷ்ட ஈடு கொடுத்து உரிமத்தை எடுத்துக்கொண்டார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை விளையாடப் போகும் தண்ணீரில் உங்களைப் போன்றவர்கள் உலை வைத்திருந்தார்கள். மீன்பாடு இல்லாமல் திரும்பினால் எங்களுக்கு வீட்டில் கேலி மட்டும்தான். அதனால்தான் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, கை ஆட்டி, கயிறு பிடித்துக்கொடுத்து நடந்துகொள்வது எங்களுக்குச் சுலபமாக இருக்கிறது. இவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று நான் எழுதுவதாக நினைக்க வேண்டாம். டீசலுக்குக் கடன் வாங்கிக்கொண்டு போனவனிடம் இந்த நிதானத்தை எதிர்பார்க்கிறவன் கடலைத் தெரியாதவன்.

இருந்தாலும் போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். மீன் நன்றாகக் கடிக்கத் தொடங்கிய நேரம். தூரத்தில் ஒரு படகில் இரண்டு பேர் எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலும் கீழுமாக ஆட்டினார்கள். எஞ்சின் செத்துவிட்டது. எங்களைவிட அவர்களுக்குப் பக்கத்தில் நின்றது அந்தப் பெரியவரின் படகு, அதே மனிதர். வளைந்திருந்த தூண்டிலைச் சுருட்டி வைத்தார். நங்கூரத்தை இழுக்கக் கை ஒத்துழைக்கவில்லை போலிருக்கிறது, கயிற்று நுனியில் ஒரு மிதவையைக் கட்டித் தண்ணீரில் போட்டுவிட்டுக் கிளம்பினார். அவர்களை இழுத்துக்கொண்டு ராம்ப் வரைக்கும் போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை நான்கைந்து படகுகள் அந்த மிதவையைச் சுற்றிப் போயின. ஒன்றுகூட அந்த இடத்தில் நிற்கவில்லை. திரும்பி வந்து மிதவையை எடுத்துக் கட்டி, விட்ட இடத்தில் உட்கார்ந்தார். அதற்குள் கடி நின்றுபோயிருந்தது.

எங்களுக்கு அன்று மூன்று மீன். பெரியது 52 சென்டிமீட்டர், படம் அக்காவின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சேற்றுத் தரையில் எங்கள் நங்கூரம் அடிக்கடி வழுக்குகிறது. கயிறு கூட விட்டால் வட்டம் பெரிதாகி அடுத்தவர் மேல் போகிறோம். சங்கிலியைக் கூட்டிப் பார்க்கலாமா, இல்லை நங்கூரத்தையே மாற்ற வேண்டுமா? நண்பர் ஒன்று சொல்கிறார், கடைக்காரர் ஒன்று சொல்கிறார். நீங்கள் சொல்வதைத்தான் செய்வேன். ஞாயிறு இரவு கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்