கிணற்று வரைபடத்தில் விடுபட்ட பெயர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

பூநகரிக் கிணறுகள் உவர்த்துப்போவது பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். அதனுடன் அச்சாகியிருந்த வண்ண வரைபடத்துக்காக வீடு வீடாகப் போய் அளவெடுத்தவர்களில் நானும் ஒருவன். மாணவர்களையும் பேராசிரியர்களையும் பாராட்டி, கிணற்றில் வாளி விட அனுமதித்த வீட்டுக்காரருக்கும் நன்றி சொல்லியிருந்தீர்கள். மனம் நிறைந்தது. ஆனால் அந்த வரைபடத்துக்குக் காரணமான இன்னும் சிலரைப் பற்றி, அதை ஆக்க உதவிய இலவச மென்பொருள்களை எழுதிப் பராமரிப்பவர்களைப் பற்றி, யாரும் பேசவில்லை. அவர்களுக்கு இப்போது நம் உதவி தேவைப்படுகிறது.

உவர்ப்பு கூடக் கூட உயரும் கிணற்று நீரின் மின்கடத்துதிறனை அளந்து கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தால் அது வெறும் எண்களின் பட்டியல்தான். இரண்டு கிணறுகளுக்கு நடுவிலுள்ள, நாங்கள் அளக்காத காணியில் உவர்ப்பு எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட ‘ஆர்’ என்ற மென்பொருளையும், அதை வரைபடமாக்கக் ‘கியூஜிஐஎஸ்’ என்ற மென்பொருளையும் பயன்படுத்தினோம். வரைபடத்தைப் பொதுநோக்கு மண்டபத்தில் விரித்தபோது, மொட்டைக்கறுப்பன் நெல் விதைக்கும் முதியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். உவர்ப்பைக் காட்டும் சிவப்பு தொடங்கும் ஓரத்தில் விரலை வைத்து, “என் தென்னைகள் பட்டுப்போனது சரியாக இந்த இடத்தில்தான்” என்றார். அந்தக் காணியில் நாங்கள் அளவெடுக்கவே இல்லை.

இந்த இரண்டு மென்பொருள்களுக்கும் நாங்கள் ஒரு சதமும் கொடுக்கவில்லை. 2022 இல் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 350 ரூபாவைத் தாண்டிய காலத்தில், ஆண்டுக்கு ஆண்டு டொலரில் கட்டணம் கட்டும் மென்பொருளை நம்பியிருந்தால் எங்கள் ஆய்வு அத்தோடு நின்றிருக்கும். நியூசிலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்கா, ரொபர்ட் ஜென்டில்மன் என்ற இருவர் தொடங்கிய ‘ஆர்’ 2000 ஆம் ஆண்டு முதலாவது முழுப் பதிப்பாக வந்தது. இன்று கிளிநொச்சியில் ஒரு மாணவி பழைய மடிக்கணினியில் அதைத் திறந்து வேலை செய்கிறாள்.

இலவசம் என்பதால் செலவில்லாமல் நடக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2023 இன் பிற்பகுதியில் ஒரு நாள், நாங்கள் முன்னர் எழுதிவைத்திருந்த நிரல் ஓட மறுத்தது. ‘ஆர்’ மென்பொருளில் புவியியல் தரவுகளைக் கையாள உதவிய மூன்று பழைய பொதிகள் (மென்பொருளோடு சேர்த்துப் பயன்படுத்தும் துணை நிரல் தொகுப்புகள்) அந்த ஒக்டோபரில் விலக்கிக்கொள்ளப்பட்டிருந்தன. அவற்றை நீண்டகாலம் பராமரித்த, நோர்வேயில் பணியாற்றிய பேராசிரியர் ரொஜர் பிவன்ட் ஓய்வுபெற்றுவிட்டார். வெகு காலத்துக்கு முன்பே அறிவித்தும் இருந்தார்கள். கவனிக்காதது எங்கள் பிழை. நல்லவேளையாக மாற்றுப் பொதி ஆயத்தமாக இருந்தது. 2016 இல், ‘ஆர்’ மென்பொருளை ஆதரிக்கும் ‘ஆர் கன்சோர்டியம்’ என்ற கூட்டமைப்பு அதற்கு நிதி கொடுத்திருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் யாரோ கொடுத்த பணம் எங்கள் மாணவியின் ஆய்வேட்டைக் காப்பாற்றியது.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. உலகெங்கும் விஞ்ஞானிகள் கணக்கீட்டுக்கு நம்பியிருக்கும் ‘நம்பை’ என்ற இலவச மென்பொருள், 2006 இல் முதலாவது முழுப் பதிப்பு வந்தும், தன் மேம்பாட்டுக்கென்று தனி மானியம் பெற்றது 2017 இல்தான். அதுவரை பெரும்பாலும் தொண்டர்களின் ஓய்வுநேரத்தில் வளர்ந்தது. 2019 இல் வெளியான கருந்துளையின் முதற்படத்துக்குப் பின்னாலும் அதே மென்பொருள் இருந்தது.

மானியங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கே கிடைக்கின்றன. புதுப்பிக்கும் வேளை வரும்போது, யார் பயன்படுத்துகிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று நிதி கொடுப்பவர்கள் கேட்கிறார்கள். மென்பொருளை எழுதியவர்களுக்கு அது முழுமையாகத் தெரியாது. பெயர் பதியாமல், பணம் கட்டாமல் தரவிறக்கிக்கொள்கிறோம். நாம் வாய் திறக்காவிட்டால் அவர்கள் கணக்கில் கிளிநொச்சி இல்லை, முல்லைத்தீவு இல்லை, வவுனியாவும் மன்னாரும் இல்லை.

ஆகவே வன்னியில் இந்த மென்பொருள்களைக் கொண்டு வேலை செய்யும் ஒவ்வொருவரையும் கேட்கிறேன்: நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி உங்கள் மென்பொருளைப் பராமரிக்கும் குழுவுக்கு அனுப்புங்கள். மானிய விண்ணப்பத்துடன் இணைக்க அவர்களுக்கு அது பெரும் உதவி. ஆய்வுக் கட்டுரையில் உரத்தின் பெயரையும் கருவியின் மாதிரியையும் எழுதுகிற நாம் மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் ஏன் விட்டுவிடுகிறோம்? பல்கலைக்கழகங்கள் ஆய்வுச் செலவுத் திட்டத்தில் இதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம். புலம்பெயர்ந்த பழைய மாணவர்களிடமும் கேட்கிறேன். பாடசாலைக் கட்டடத்துக்கும் கணினி அறைக்கும் வாரி வழங்குகிறீர்கள். அந்தக் கணினிகளில் பிள்ளைகள் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் ஆண்டுதோறும் ஏதாவது கொடுங்கள். தொகை சிறிதானாலும் தவறாமல் கொடுங்கள்.

எடுப்பவர்களாக மட்டும் நம் நாடு இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2004 ஆழிப்பேரலை முல்லைத்தீவைத் துடைத்துச் சென்ற நாட்களில், இலங்கை மென்பொருளாளர்கள் தொண்டாக எழுதிய ‘சஹானா’ அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் மறு ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2010 இல் ஹெயிட்டியிலும் பயன்பட்டது.

எங்கள் ஆய்வுகூடத்திலிருந்து மூன்று கடிதங்கள் போய்விட்டன. நான்காவதை எழுதியவர் பூநகரியின் கமக்காரர் அமைப்பு ஒன்றின் செயலாளர். நான் விளக்கி முடிப்பதற்குள் அவர், “விதைப்புக்கு முன் அவரவர் பங்கு வாய்க்காலைத் துப்புரவாக்குவது போலத்தானே?” என்று கேட்டார். பிறகு அமைப்பின் கடிதத்தாளை எடுத்து, தமிழிலேயே எழுதி, முத்திரை குத்திக் கையெழுத்திட்டுத் தந்தார். மொழிபெயர்ப்பை இணைத்து நேற்று அனுப்பினேன்.

இப்படிக்கு,
ஆய்வு உதவியாளர் ஒருவர்,
கிளிநொச்சி.