வினிபெக்கிலிருந்து அம்மாவுக்கு

வினிபெக், கனடா,
அக்டோபர் 5

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. உடனே பதில் போடாதது தப்புதான். போனில் பேசினால் நீ அழுகிறாய், நானும் பாதியில் வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நன்றாக இருக்கிறேன். குளிருக்குக் கோட்டு வாங்கியதால் இந்த மாதப் பணம் ஒரு வாரம் தள்ளிப் போகும், வேறொன்றுமில்லை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி பன்னக் கொடுக்கிறார். கோதுமை மாவை உப்பலாகப் பொரித்தது. நீ கொடுத்த மாவடுவோடு சாப்பிட்டேன்.

பாட்டி கிரீ இனத்தவர், இந்த மண்ணின் ஆதிக்குடி. தெருவே அவரைக் ‘கோக்கும்’ என்கிறது. அவர்கள் பாஷையில் பாட்டி. இந்த ஊர் இருக்கும் நிலத்துக்கு 1871இல் இங்கிலாந்து ராணியின் ஆட்கள் ஆதிக்குடிகளோடு ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி இன்றும் ஆளுக்கு வருஷம் 5 டாலர். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணாது.

செப்டம்பர் 30 அன்று பாட்டி ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்ட ஆதிக்குடிக் குழந்தைகளை நினைத்து அன்று போடுவதாம். பாட்டியையும் ஆறு வயதில் கொண்டுபோனார்களாம். அரசாங்கம் பணம் கொடுக்க, சர்ச்சுகள் நடத்தியவை அவை. போன அன்றே சடையை வெட்டியிருக்கிறார்கள். கிரீ பேசினால் வாயில் சோப்பு. சில வருஷம் கழித்து வீட்டுக்கு வந்தபோது, பெற்ற அம்மா பேசியது அவருக்குப் புரியவில்லை. இப்படி ஏறக்குறைய 1,50,000 குழந்தைகள், அம்மா. ஆயிரக்கணக்கானோர் திரும்பவே இல்லை. 1990களில்தான் கடைசிப் பள்ளியை மூடினார்கள். 2008இல் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

பாட்டி வீட்டு பிரிட்ஜ் கதவு முழுக்கச் சீட்டு. பால், உப்பு, தண்ணீர் என்று கிரீ வார்த்தைகள். வகுப்புக்குப் போய்க் கற்ற பேத்தி எழுதி ஒட்டியது. எழுபது வயதில் பேத்தியிடம் படிக்கிறார்.

அன்று ராத்திரி உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். தமிழ் என் வாயில் வந்து பல நாளாகியிருந்தது. அப்புறம் தூக்கம் வரவில்லை.

அம்மா, குட்டியை ஹாஸ்டலில் சேர்க்கப் போவதாக எழுதியிருந்தாய். தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதமாம், அண்ணன் அதைப் பெருமையாகச் சொன்னானாம். இங்கே நடந்ததும் அதுவும் ஒன்றல்ல, தெரியும். ஆனாலும் வேண்டாம். அவன் உன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கட்டும். உள்ளூர்ப் பள்ளிக்கே போகட்டும், டியூஷனுக்கு நான் அனுப்புகிறேன். அண்ணியிடம் முதலில் பேசு, அண்ணன் கோபப்படுவான்.

கிழக்குத் தோட்டத்துப் பட்டா விஷயத்தில் மாமா கேட்டார் என்று எதிலும் கையெழுத்துப் போடாதே. கண்ணுக்குச் சொட்டு மருந்து தீர்ந்திருக்கும், தங்கச்சியை வாங்கித் தரச் சொல்.

குட்டியைத் தன் கையால் எனக்கு நாலு வரி எழுதச் சொல். தப்புத் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் அன்பு மகன்