கண்மாய் மேப்பில் விடுபட்ட பெயர்கள்

அன்புள்ள பங்காளி,

பாப்பா பத்தாவதில் நல்ல மார்க் எடுத்ததற்கு ஒரு வரிகூட நான் எழுதவில்லை என்று சேகரிடம் புலம்பினாயாமே. நியாயமான கோபம்தான். சித்தப்பா வாழ்த்துச் சொன்னதாக அவளிடம் சொல், நேரில் வரும்போது பேனா வாங்கி வருகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மைக்செட் அண்ணன் கடையைப் பேருந்து நிறுத்தத்துக்கே மாற்றிவிட்டார். இனி ஊருக்குள் யாருக்கும் பகலில் தூக்கம் கிடையாது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கண்மாய்க்கு மேப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பூகோளப் பரீட்சையில் இலங்கையை அரபிக்கடலில் வரைந்தவன் நீ, அதனால் பொறுமையாகப் படி. ஆகஸ்ட் 15 கிராம சபையில் சுவரில் மாட்டிப் பேச வேண்டும், அதற்காகத்தான் இத்தனையும்.

போன வருடம் தூர்வாரும் வேலைக்கென்று ஓர் அலுவலகத்திலிருந்து மேப் ஒன்று வந்தது. கரை, கலுங்கு, ஊர், ரோடு எல்லாம் அதில் இருந்தன. கடைமடைப் பக்கத்துக் காலனிக்குப் புள்ளி இருந்தது, பெயர் இல்லை. பள்ள மடைக்கும் அதே கதி. கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் பெயர் உள்ள இடத்தில் விரலை வைத்துத்தான் பேசினார்கள். காலனி அக்கா எழுந்து "எங்க மடை எங்கே?" என்று கேட்டார். "அதுவும் இருக்கும்மா" என்றார்கள். வேலைப் பட்டியலில் அது ஏறவே இல்லை. அந்தப் போகத்தில் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று உனக்கே தெரியும்.

யாரோ வேண்டுமென்றே பெயரை எடுத்துவிட்டார்கள் என்றுதான் அப்போது எல்லாரும் சொன்னோம். மேப் போடும் கியூஜிஐஎஸ் மென்பொருளைக் கற்றுக்கொண்ட பிறகு எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. கேரி ஷெர்மன் என்பவர் 2002இல் தொடங்கியது அது, காசு கிடையாது, சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். மடை, கலுங்கு, ஊருணி, குடியிருப்பு என்று ஒவ்வோர் இடத்திலும் போனில் ஜிபிஎஸ் புள்ளி எடுத்து உள்ளே ஏற்றினால் வெறும் புள்ளிகளாக வந்து உட்காரும். மேப்பில் எழுதும் பெயருக்கு லேபிள் என்று பெயர். அந்தப் பகுதியில், அட்டவணையில் பெயர் உள்ள பத்தி (காலம்) எது என்று காட்டினால்தான் எழுத்து வரும். அப்போதுகூட எல்லாப் பெயரும் வராது. இரண்டு பெயர் ஒன்றன்மேல் ஒன்று விழும் என்றால் மென்பொருள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். எச்சரிக்கை, மணி எதுவும் இல்லை. பெரிய ஊரின் பெயர் அகலமாக உட்கார்ந்துகொள்ள, ஒட்டியிருக்கும் காலனியின் பெயர் காணாமல் போகிறது.

இதில் மென்பொருளைக் குறை சொல்லவும் முடியாது. நெருக்கமான புள்ளிகளுக்கு இடிக்காமல் பெயர் வைப்பது கணக்கு ரீதியாகவே மிகக் கடினமான பிரச்சினை என்று 1990களிலேயே நிரூபித்திருக்கிறார்கள். ஆனால் எது போனது என்று பார்க்க வழி இருக்கிறது! லேபிள் கருவிப்பட்டையில் ஒரு பொத்தானை அழுத்தினால் இடம் கிடைக்காத பெயர்கள் எல்லாம் சிவப்பில் தெரியும். அதை அழுத்தியதும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. காலனி, பள்ள மடை, கீழ ஊருணி, குடிசைகள் இருக்கும் அந்த மேட்டுத்தெரு. பெரிய இடம் ஒன்றுகூட அதில் இல்லை பங்காளி. சின்ன இடங்கள்தான் நெருக்கி நெருக்கி இருக்கின்றன, அதனால் அவைதான் முதலில் விழுகின்றன.

இப்போது அதைத்தான் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு லேபிளுக்கும் 0 முதல் 10 வரை முன்னுரிமை எண் கொடுக்கலாம், 10தான் உச்சம். அட்டவணையில் அதற்கென்று ஒரு பத்தி சேர்த்து, காலனிக்கும் கடைமடைக்கும் 10 போட்டேன், பெரிய ஊருக்கு 3. பெரிய ஊரின் பெயர் எங்கே போனாலும் ஜனங்களுக்கு அந்த இடம் தெரியும். வாத்தியாருக்கு இது பிடிக்கவில்லை. தலைமை ஊர் பெயர் பெரிசாக இருப்பதுதான் முறை என்கிறார். எழுத்து பெரிசாகவே இருக்கட்டும், மற்றவர்களைத் தள்ளிவிட்டு உட்கார வேண்டாம் என்று சொன்னேன். மூன்று நாளாக என்னோடு பேச்சு இல்லை.

அப்படியும் நான்கு மடை ஒரே இடத்தில் இடித்தன. அவற்றைக் கையாலேயே நகர்த்தி வைத்தேன். தள்ளி வைத்த பெயருக்கும் புள்ளிக்கும் இடையே மெல்லிய கோடு இழுக்கும் வசதி 3.10 பதிப்பிலிருந்து இருக்கிறது. பின்னால் செயற்கைக்கோள் படம் இருப்பதால் எழுத்தைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் வெள்ளை விளிம்பு. எடுவார்ட் இம்ஹோஃப் என்ற சுவிஸ் வரைபடக்காரர் 1962இலேயே இதற்கெல்லாம் முறை எழுதி வைத்திருக்கிறார். பெயர் புள்ளிக்கு வலது மேல் பக்கம் வருவது நல்லது, ஆற்றின் எந்தக் கரையில் ஊரோ அந்தக் கரையிலேயே பெயரும் இருக்க வேண்டும் என்கிறார். நம் வரத்துக்காலுக்கு இது எவ்வளவு பொருத்தம் பார். மேற்குக் கரைத் தெருவின் பெயர் கிழக்கே போய் விழுந்தால் தண்ணீர்ச் சண்டையில் அடுத்த தலைமுறை அந்த மேப்பையே சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்தும்.

உன் தம்பி மேப் புள்ளிகளை ஷேப்ஃபைல் என்ற பழைய வகைக் கோப்பில் அனுப்பியிருந்தான், அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்திக்குத் தமிழில் நீளமாகத் தலைப்பு வைத்திருந்தானாம், எனக்கு வந்தபோது அரைகுறையாக நின்றது. அந்த வகைக் கோப்பில் தலைப்புக்கு 10 பைட்தான் இடம். கம்ப்யூட்டரில் எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் எழுத்து, புள்ளி, கொம்பு என்று தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். பத்திக்குள் எழுதும் பெயர் ஒவ்வொன்றுக்கும் 254 பைட்தான் எல்லை. ஜியோபேக்கேஜ் என்ற புது வகைக் கோப்பாகச் சேமிக்கச் சொல், இந்தத் தொல்லையே வராது.

திரையில் எல்லாம் சரியாகத் தெரிகிறதே என்று அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடவும் முடியாது. ஸ்கேல் மாறினால் மென்பொருள் புதிதாகக் கணக்குப் போடும், விழுகிற பெயர்களும் மாறும். ஏ1 தாளில் 1:5,000 என்று முடிவு செய்து, அந்த அச்சுப் பக்கத்திலேயே சிவப்பு ஒன்றும் இல்லை என்று பார்த்துத்தான் கொடுப்பேன்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். தெற்குக் கரையில் இரண்டு மடைக்கு எனக்குப் பெயரே கிடைக்கவில்லை. பதிவேட்டில் எண் மட்டும் இருக்கிறது. இங்கே கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பெரியப்பா அங்கே மடை திறந்தவர், அவருக்குத் தெரியாமல் இருக்காது. கலுங்கிலிருந்து கிழக்கே வரிசையாகச் சொல்லச் சொல்லி, அவர் வாயில் வருவதை அப்படியே எழுதி அனுப்பு, நீ திருத்தாதே. அவருக்குக் காது மந்தம் என்று அண்ணி சொன்னார், சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டுக் கேள். ஜூலை கடைசியில் தாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அதற்குள் வந்துவிட்டால் போதும்.

உன் பங்காளி