போட்டியா, விண்ணப்பக் கூட்டமா?

ஆசிரியருக்கு,

'எங்கள் காலத்தில் கல்லூரியில் சேர இவ்வளவு போட்டி இல்லை' என்று பெரியவர்கள் சொல்வது பாதிதான் சரி. அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1975-இல் வெறும் 15 கல்லூரிகளோடு தொடங்கிய 'காமன் ஆப்' என்ற பொது விண்ணப்பத்தில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருப்பதால், தாத்தா காலத்தில் தனித்தனிப் படிவம் நிரப்பி மூன்று நாலோடு நிறுத்திக்கொண்ட இடத்தில், பேத்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே 20 கல்லூரிகளுக்குத் தட்டிவிடலாம். சேரப்போவது ஒன்றில்தான், ஆனால் மீதி 19-இலும் விண்ணப்பக் கணக்கில் அவள் ஒரு தலை! ஹார்வர்டில் இப்போது நூற்றுக்கு நாலு பேருக்கு இடம் கிடைத்தாலே பெரிது, சரி. ஆனால் அதே நாட்டில் பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பித்தவர்களில் பாதிக்கு மேல் சேர்த்துக்கொள்கின்றன என்பதை ஏனோ யாரும் பேசுவதே இல்லை.

- ஒரு வாசகர்