தாய்மொழியைக் கேட்டு எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றிய தங்கள் தலையங்கம் சாதிக் கேள்வியை விரிவாக அலசியது. தாய்மொழிக் கேள்வியைத் தொடவே இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி, நாட்டில் பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் 121. அவற்றில் அரசியலமைப்புச் சட்டம் மொழிகளைப் பட்டியலிடும் எட்டாவது அட்டவணையில் உள்ளவை 22 மட்டுமே. பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கும் மொழியோ 'பிற' என்ற ஒரே கட்டத்துக்குள் கரைந்துவிடுகிறது. சிறிய மொழிகளுக்கு ஒவ்வொரு வீட்டின் பதிலும் உயிர்நாடி.

காரைக்குடியில் எங்கள் தெருவில் கண்டாங்கிச் சேலை நெய்யும் குடும்பம் ஒன்று உண்டு. தறியில் உட்கார்ந்தபடி மருமகளிடம் கன்னடத்தில் ஊடை நூல் கேட்கும் பாட்டி, வாசலில் எங்களோடு அச்சு அசலாக இந்த ஊர்த் தமிழ் பேசுவார். 2011இல் கணக்கெடுக்க வந்தவர், பெயர், வயது, படிப்பு எல்லாவற்றையும் அவர்களிடம் கேட்டார். தாய்மொழியை மட்டும் கேட்காமலே 'தமிழ்' என்று எழுதிக்கொண்டார். தமிழை உயிராக நேசிப்பவன் நான். அடுத்த வீட்டாரின் மொழியை மறைத்துக் கூட்டும் எண்ணிக்கை தமிழுக்குப் பெருமை சேர்க்காது. தாய்மொழிக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டு, எழுதிய பதிலைக் குடும்பத்தாருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று கணக்கெடுப்பாளர்களுக்கான பயிற்சியிலேயே அரசு கண்டிப்பாக அறிவுறுத்த வேண்டும்.

– வாசகர், காரைக்குடி